சர்வர் டவுன், நாளைக்கு வாங்க

இந்த வசனத்தைக் கேட்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைச் சொல்ற ஆள் நான் :-)

பி.காம். படிச்சவனுக்கு பெங்களூரு வந்த பிறகுதான் ஐடி சர்வீஸ் மேனேஜ்மென்ட்ங்கிற பேரே காதில் விழுந்தது. பேர்தான் பெருசு. விஷயம் வீடு நடத்துற மாதிரிதான்.

முதல்ல, என்ன இருக்குன்னு தெரியணும். எத்தனை சர்வர், என்ன சாப்ட்வேர், யார் பொறுப்பு? ஸ்டாக் ரிஜிஸ்டர் இல்லாம கடை நடத்த முடியுமா? 2024 ஏப்ரலில் கோடக் மகிந்திரா வங்கி ஆன்லைனில் புது வாடிக்கையாளர்களைச் சேர்க்கவும், புது கிரெடிட் கார்டு கொடுக்கவும் ரிசர்வ் வங்கி தடை போட்டது. சொன்ன காரணங்களில் இந்தக் கணக்குல இருந்த குறையும் ஒண்ணு. தடை நீங்க 2025 பிப்ரவரி ஆயிடுச்சு.

ரெண்டாவது, மாற்றம் செய்யற முறை. 2012 ஜூனில் பிரிட்டனின் ராயல் பேங்க் ஆப் ஸ்காட்லாந்து குழுமத்துல ஒரு சாப்ட்வேரைப் புதுசாக்கினாங்க. சிக்கல் வந்ததும், எடுத்தா என்ன ஆகும்னு சோதிக்காமலே எடுத்துட்டாங்க. 65 லட்சம் பேருக்கு மேல பாதிப்பு. 2014ல் அபராதம் 5.6 கோடி பவுண்டு! மரம் ஏறத் தெரிஞ்சா போதாதுங்க, இறங்கவும் தெரியணும்.

மூணாவது, பியூஸ் போனா மாத்துறது ஒரு வேலை. ஏன் தினமும் போகுதுன்னு பார்க்கிறது வேற வேலை. முதல் வேலையை முடிச்சதும் எல்லாரும் டீ குடிக்கப் போயிடறோம்.

நாலாவது, ஒத்திகை. முக்கியமான சிஸ்டங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது பேரிடர் மீட்பு ஒத்திகை நடத்தணும்னு 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதியே இருக்கு.

அஞ்சாவதுதான் எனக்கு முக்கியம்: ஜனங்களுக்குச் சரியான தகவல். ஒரு கிளையில் (பேர் வேண்டாம்) கட்டட வேலை பார்க்கிற நம்ம ஊர் அம்மா ஒருத்தங்க மகனோட பரீட்சைப் பணம் அனுப்ப வந்தாங்க. கடைசி நாள். சிஸ்டம் எப்ப வரும்னு மேலேயிருந்து யாரும் சொல்லலை. "இப்ப வந்துடும்"னு சொல்லிச் சொல்லியே சாயங்காலம் வரை உட்கார வெச்சாங்க. "இன்னிக்கு வராது"ன்னு காலையிலேயே சொல்லியிருந்தா வேற வழி பார்த்திருப்பாங்க. அன்னிக்கு அவங்களுக்கு அரை நாள் கூலியும் போச்சு.

எத்தனை மணி நேரத்துல சரி பண்ணினாங்கன்னு ரிப்போர்ட் வரும். அந்தக் கூலி எந்த ரிப்போர்ட்லயும் வராது.

ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு ரெண்டு வங்கியில் கணக்கு வெச்சுக் கொடுங்க. கையிலயும் கொஞ்சம் பணம் இருக்கட்டும்.