இழை எண்ணிய கைகள்

பத்தமடை என்னும் பெயரைக் கேட்டதும் பாயை நினையாதார் இலர். 1953ஆம் ஆண்டு, இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் பரிசாகச் சென்றது. அதனைப் பெருமையுடன் பேசுவோரிடம் எங்கள் வாப்பும்மா, "ராணி என்ன, பாயிலயா படுக்கப் போறா? நம்ம தெருப் புள்ளையளுக்கு விரிக்கப் பாய் இருக்கான்னு பாருங்க" என்பார்கள். அது வெறும் கேலியன்று.

தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாகவே கீறி உலர்த்துவார்கள். பின்னர் ஓடும் நீரில் சில நாள் ஊறவிட்டு, மீண்டும் உலர்த்தி, நரம்பினும் மெல்லியதாகக் கீறவேண்டும். செந்நிறத்திற்குச் சப்பங்கிக் கட்டை அவிந்துகொண்டிருக்கும். பட்டுப்பாய்க்குப் பாவு இழைகளின் கணக்கு நூறைத் தாண்டும். முளைகளுக்கிடையே கட்டிய பாவின்மேல் குனிந்தவாறே வாப்பும்மாவின் முதுகு வளைந்துவிட்டது. இத்தனைக்கும் அவர்கள் படுத்தது முரட்டுக் கோரைப் பாயில்தான்.

தமிழெழுத்து அறியாத அவர்கள், திருமணப் பாய்களில் மணமக்கள் பெயரை நெய்தார்கள் என்றால் நம்புவது அரிது. எங்கள் சிலேட்டில் பெயரை எழுதித் தரச் சொல்வார்கள். எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் இழைக்கணக்காக மாற்றி மனத்தில் இருத்திக்கொள்வார்கள். ஃபாத்திமா என்னும் பெயர் வந்தால் மகிழ்ச்சி. ஆய்தத்தின் மூன்று புள்ளிகளும் எளிதில் விழுந்துவிடுமாம். எழுதத் தெரிந்த நாங்கள் செய்த பிழைகளைக்கூட, "இந்தக் கொம்பு போன பாயில வேற மாதிரி இருந்துச்சே" என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள்! எளியோர் வீட்டுப் பெண்ணின் பாய்க்குக் கூலி வாங்கியதில்லை. வியாபாரியிடம் மட்டும் ஒரு காசும் விட்டுக்கொடுத்ததில்லை.

அடுக்களையில் ஒரு மண்பானை இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் அதில் ஒரு பிடி அரிசி விழும். தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடுகளையும் அவ்வாறே செய்யப் பழக்கினார்கள். சேர்ந்த அரிசியை விற்று, அறுவடைக் காலத்தில் கோரைக் கட்டுகள் வாங்கி, கணவரை இழந்த பெண்களுக்குக் கொடுப்பார்கள். கோரையை முன்கடனாகப் பெற்றவள் வியாபாரி சொன்ன விலைக்கே பாயைக் கொடுத்தாக வேண்டும். சொந்தக் கோரை உள்ளவள் பேரம் பேசலாம். இப்பொருளியலை வாப்பும்மா எங்கே கற்றார்கள் என்பதை நாங்கள் இன்றும் வியக்கிறோம்.

1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்டது. ஆற்றோர ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் நனைந்த துணியோடு எங்கள் தெருவில் தங்கின. வியாபாரிக்கென வைத்திருந்த பாய்க்கட்டை அவிழ்த்து, ஈரத்தரை முழுதும் விரித்தார்கள் வாப்பும்மா. வாப்பா தடுத்தார்கள், நான்கு மாத உழைப்பல்லவா? "பாய் படுக்கத்தானேப்பா" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். கறைபட்ட பாய்களை வியாபாரி ஏற்கவில்லை. முன்பணத்தையும் திருப்பிக் கேட்டார். அவ்வாண்டு பெருநாளைக்கு எங்களுக்குப் புத்தாடை இல்லை. பானையில் அரிசி விழுவது நிற்கவுமில்லை.

வாப்பும்மா வஃபாத்தான அன்று, தறியில் ஒரு திருமணப் பாய் பாதியில் நின்றது. மணமகன் பெயர் முடிந்து, மணமகள் பெயரில் இரண்டு எழுத்துகளே விழுந்திருந்தன. அவர்களிடம் தொழில் கற்ற அடுத்த வீட்டு மாமி நாற்பது நாள் கழித்து வந்து அமர்ந்து எஞ்சியதை நெய்து முடித்தார். பாய் மேலப்பாளையத்தில் அம்மணமகள் வீட்டில் இன்றும் இருக்கிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. தடவிப் பார்த்தால் கை மாறிய இடம் விரலுக்குத் தெரிகிறது.