ஐரிஷா, இல்லையா?

சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில், திண்டிவனம் தாண்டியதும் கூட்டேரிப்பட்டில் இறங்கிக்கொள்ளுங்கள். இடதுபக்கம் பாண்டிச்சேரி சாலையில் கொஞ்ச தூரம் போனால் சின்னக் குன்று, மேலே கோபுரம். அதுதான் மயிலம். சூரபத்மன் முருகனுக்கு வாகனமாக வேண்டி மயில் உருவில் தவமிருந்த இடம் என்பது தலபுராணம். தோகை விரித்த மயில் மாதிரி மலை தெரியும் என்பார்கள். பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பவர்கள் கொஞ்சம் கற்பனையும் கொண்டு வரவேண்டும்.

முருகன் கோயில் என்றால் இப்படித்தான் என்று மனசுக்குள் ஒரு அச்சு வைத்திருப்போமே, அது இங்கே லேசாக ஆட்டம் காணும். கோயில் பொம்மபுர ஆதீனத்தின் பொறுப்பு. வீரசைவ மடம். கன்னட தேசத்துச் சமாச்சாரம் என்று நாம் நினைக்கிற வீரசைவர்கள், இங்கே முருகனுக்குக் கோயில் நடத்தி, தமிழுக்குக் கல்லூரியும் நடத்துகிறார்கள்.

நாங்கள் நாலு பேர், ஒரே ஆபீஸ். போன நேரம், நடை சாத்தியாகிவிட்டது. சாயங்காலம் வரை என்ன செய்வது? எங்களில் ஒருவருக்கு க்விஸ் பைத்தியம். டில்லி பிராஞ்ச்சில் மூன்று வருஷம் 'மதராஸி' பட்டம் சுமந்து திரும்பியவர். மண்டப நிழலில் துண்டை விரித்து, "அயர்லாந்து பத்தி உங்களுக்கு என்னய்யா தெரியும்?" என்றார்.

"குடிப்பான், சண்டை போடுவான், உருளைக்கிழங்கு தின்பான்."

"டில்லிக்காரன் நம்மைப் பத்தி இட்லி, சாம்பார், 'அய்யய்யோ'ன்னு சொன்ன மாதிரியே இருக்கு. சரி, ஆட்டம் இதுதான். நான் ஒண்ணு சொல்வேன். ஐரிஷா, இல்லையான்னு சொல்லணும். தோத்தவன் டீ."

முதல் அயிட்டம், பாம்பு. இல்லை! அயர்லாந்துக் காட்டில் பாம்பே கிடையாது. புனித பேட்ரிக் விரட்டிவிட்டார் என்பது அவர்கள் ஊர்த் தலபுராணம். பனியுகத்துக்குப் பிறகு பாம்பு கடல் தாண்டி வந்து சேரவில்லை என்பது விஞ்ஞானம். (முருகனின் மயில் அங்கே போனால் காலடியில் வைக்க ஒரு பாம்பு கிடைக்காது.) அந்த பேட்ரிக்? அவரும் ஐரிஷ் இல்லை, பிரிட்டனில் பிறந்தவர்.

அடுத்து சகோதரி நிவேதிதா. "பெங்காலிதானே?" என்றது ஒரு குரல். 1867-ல் அயர்லாந்தின் டங்கனனில் பிறந்த மார்கரெட் நோபிள் அவர். பாரதியார் 'ஸ்வதேச கீதங்க'ளைக் காணிக்கையாக்கியது இந்த ஐரிஷ் அம்மாவுக்குத்தான்.

உருளைக்கிழங்கு வந்ததும் எல்லோரும் ஒரே குரலில் "ஐரிஷ்!" என்று கத்தினோம். பூர்வீகம் தென் அமெரிக்கா என்று சிரித்த நண்பர், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஏழைகளுக்கு அது ஒன்றுதான் சாப்பாடு. 1845-ல் கிழங்கில் நோய் விழுந்தது. அடுத்த சில வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய அதே அளவு ஜனம் கப்பலேறியது. அப்போதும் அங்கிருந்து தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

"நம்ம தாது வருஷப் பஞ்சம் மாதிரி" என்றார் ஒருவர். மாதிரி என்ன, அதேதான். 1876-78. இதே ராஜாங்கம், இதே தானிய ஏற்றுமதி. ஆபீஸ் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோமே பக்கிங்ஹாம் கால்வாய், அதில் அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவிலிருப்பது அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டியது. உருளைக்கிழங்கு ஜோக் அதன் பிறகு யாரும் அடிக்கவில்லை.

கின்னஸ் பீர்? ஐரிஷ்தான். 1759 டிசம்பர் 31-ம் தேதி ஆர்தர் கின்னஸ் டப்ளினில் கையெழுத்துப் போட்ட குத்தகை 9,000 வருஷத்துக்கு. வருஷ வாடகை 45 பவுண்டு! (சென்னை வீட்டு ஓனர்கள் இந்த வரியைப் படிக்காமல் இருப்பது நல்லது.)

"அதுக்கு மூணு வாரம் கழிச்சு, 1760 ஜனவரி 22. இங்கே பக்கத்துல வந்தவாசிச் சண்டை. பிரெஞ்சுக்காரன் கதை முடிஞ்ச இடம். இங்கிலீஷ் தளபதி அயர் கூட், ஐரிஷா?"

ஐரிஷ். லிமெரிக் மாவட்டத்துக்காரர்.

"பிரெஞ்சுத் தளபதி லாலி?"

"இல்லை!"

"ஐரிஷ்!" என்று துள்ளினார் நண்பர். 1691-ல் லிமெரிக் கோட்டை இங்கிலீஷ்காரர்களிடம் விழுந்ததும் நாட்டைவிட்டுப் பிரான்ஸுக்குப் போன கத்தோலிக்க வீரர்களுக்குக் 'காட்டு வாத்துகள்' என்று பெயர். லாலியின் அப்பா அப்படிப் போன கால்வே மாவட்டத்துக்காரர். மகன் வந்தவாசியில் தோற்று, 1761-ல் பாண்டிச்சேரியையும் கூட்டிடமே ஒப்படைத்து, கடைசியில் 1766-ல் பாரிஸில் துரோகி என்று தலை வெட்டப்பட்டார். எந்த நாட்டுக்காக உழைத்தாரோ அந்த நாடே வெட்டியது. வால்டேர் வாதாடி, 1778-ல் தீர்ப்பு ரத்தானது. தலை திரும்பவில்லை.

"அதெல்லாம் செல்லாது. லாலி பிறந்தது பிரான்ஸ். பாயிண்ட் கிடையாது" என்று மறித்தார் நாலாமவர்.

"நீங்க பிறந்தது எங்கே சார்?"

"மும்பை."

"சொந்த ஊர்?"

"செஞ்சி. எங்கப்பா ஊர்."

"பிறந்தது மும்பை. ஊர் மட்டும் செஞ்சியா?"

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, டீக்கடை எந்தப் பக்கம் என்று பூக்காரம்மாவிடம் விசாரிக்கப் போனார்.