இல்லை என்றாவது சொல்லுங்கள்

செப்டம்பர் 9, 2024, திங்கள்

தம்பி என்று நாங்கள் கூப்பிடும் என் மகனின் உதவித்தொகைக்கு மனு கொடுத்தாயிற்று. சிவப்புக் குடும்ப அட்டை, ஆதார், தாலுகா அலுவலகத்தில் வாங்கிய குடியிருப்புச் சான்று, வருமானச் சான்று, தம்பி பெயரும் என் பெயரும் சேர்ந்த வங்கிப் புத்தகம், மருத்துவக் குழு தந்த சான்றிதழ், புகைப்படம். எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல்.

பாகூரில் காலை ஏழேகால் பேருந்து. தம்பிக்கு 6 வயது, 16 கிலோ. மூளை முடக்குவாதத்தில் அவன் கால்கள் கத்தரி போலக் குறுக்கே விறைத்துக்கொள்ளும். இடுப்பில் வைப்பதற்கு முன் தொடையை நீவி, கால்களைத் தளர்த்த வேண்டும். நடத்துநர் எங்களுக்குப் பழக்கமானவர். நாங்கள் உட்காரும்வரை விசில் கொடுக்க மாட்டார்.

அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. தகவல் வரும்" என்றார். எத்தனை நாளாகும் என்று கேட்டேன். "வரும்மா" என்றார். அவர் முகத்தில் கடுமை இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பெரியம்மா வந்திருந்தார். "புள்ளைக்கு எத்தினி பர்சென்ட் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். 85 என்றேன். அது எப்படி வந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு முன்னும், தம்பி பிறக்கும்வரையும் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள் நான். கணக்காகச் சொன்னால் அழாமல் சொல்ல முடிகிறது.

அறிவுத்திறனுக்கு வைன்லேண்டு சமூக முதிர்ச்சி அளவை என்று ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். தம்ளரில் தானே குடிக்கிறானா, வாசற்படி ஏறுகிறானா, சட்டையைக் கழற்றுகிறானா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மாட்டான், மாட்டான் என்று சொன்னேன். அதற்கு 75. கை கால் இயக்கத்துக்கு 60. இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. 90-இல் பெரிய எண்ணைக் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். 15-ஐ 60-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 10. ஆக 85.

சட்டத்தின் கண்ணில் படுவதற்கு 40 போதும். மத்திய அரசின் ஊனமுற்றோர் பென்ஷனுக்கு 80 வேண்டும், அதுவும் இவனுக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். அதுவரை குழந்தைக்கு ஏதாவது கிடைக்க வேண்டுமென்றால் அந்தந்த மாநிலம்தான் தர வேண்டும். எங்களுக்குப் புதுச்சேரி அரசு.

பெரியம்மா கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தம்பியின் காலை எடுத்து மடியில் வைத்து நீவத் தொடங்கினார்.

அக்டோபர் 4, வெள்ளி

ஸ்பீச் தெரபிஸ்ட் இன்று ஒரு மணி நேரம் தம்பியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். "அம்மான்னு எப்போ கூப்பிடுவான்" என்று நான் கேட்காத நாள் இல்லை. அவர் சொன்னார்: "பேச்சு பிறகு வரட்டும் அக்கா. முதல்ல ஆமா, இல்ல ரெண்டும் வரணும். வேணும்னா உங்க உள்ளங்கையைத் தொடட்டும். வேணாம்னா தள்ளட்டும். அவன் தள்ளுனா, நீங்க கட்டாயம் நிறுத்திடணும். அவன் 'இல்ல'வுக்கு மதிப்பு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த சொல் வரும்."

இத்தனை வருடமும் அவன் வாயை மூடிக்கொண்டால் மூக்கைப் பிடித்து ஊட்டியிருக்கிறேன். ஊட்டாவிட்டால் எடை குறைந்துவிடும் என்ற பயம். ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. இன்று புதுச்சேரி விடுதலை நாள். 1954-இல் இதே தேதியில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அலுவலகம் கிடையாது. மனு கொடுத்து 53 நாள்.

அம்மா வீட்டுக்குப் போனோம். என் பிறந்த வீடு கடலூர் மாவட்டம், புகுந்த வீடு பாகூர் கொம்யூன். இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்காலும் நாலு கழனியும். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் அங்கங்கே வாங்கிய ஊர்களும் பெற்ற ஊர்களும் தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. வில்லியனூர் பக்கம் போனாலும், பாகூர் பக்கம் வந்தாலும், எல்லைப் பலகையைப் பார்த்துத்தான் எந்த அரசு என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா வீட்டுத் தெருவில் தம்பியைப் போலவே ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். அவள் அம்மா அந்தப் பணத்தில் டயப்பரும் வலிப்பு மாத்திரையும் வாங்குகிறாள். எனக்குப் பொறாமை இல்லை. அவளும் ஒரு வருடம் அலைந்துதான் வாங்கினாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, வந்துதா?"

டிசம்பர் 3, செவ்வாய்

பள்ளிக்கூடத்து மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேலே தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி நேற்று பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். அத்தை அரிசியை எடுத்துக்கொண்டார். நான் சான்றிதழ்ப் பையை எடுத்தேன். பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் இன்னொரு உறை, அதற்கு மேல் மாவு சலிக்கும் டப்பா. தாலியைக் கழற்றி வைக்கக்கூட நினைப்பு வரவில்லை. இந்தக் காகிதம் நனைந்தால் என் பிள்ளை மாட்டான், மாட்டான் என்று திரும்பவும் முதலிலிருந்து நான் நிரூபிக்க வேண்டும். அது மட்டும்தான் மனதில் ஓடியது.

இன்று உலக மாற்றுத்திறனாளிகள் தினம் என்று கீழே யாரோ ரேடியோவில் கேட்டுச் சொன்னார்கள். மாடிப்படியில் சக்கர நாற்காலி ஏறாது. பக்கத்துத் தெருப் பையன்கள் நாலு பேர் தம்பியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவன் அதை ஊர்வலம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தான்.

வெள்ள நிவாரணமாகக் குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் என்று முதலமைச்சர் அறிவித்திருக்கிறார். எங்களுக்கு அது வேண்டும், வீட்டில் அடுப்பே இல்லை. மனு இல்லை, நகல் இல்லை. அட்டை இருந்தால் போதும். அவசரம் என்று நினைத்துவிட்டால் அரசாங்கத்தால் முடிவெடுக்க முடிகிறது. ஒரு குழந்தையின் அன்றாடமும் அவசரம்தான் என்று யார் போய்ச் சொல்வது?

டிசம்பர் 19, வியாழன்

அலுவலகத்துக்கு இன்றோடு ஆறாவது தடவை. "ஃபைல் மேல போயிருக்கும்மா." மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். "நடவடிக்கையில இருக்கு" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஆறு தடவைக்கும் பேருந்து, ஆட்டோ, சாப்பாடு சேர்த்து 1,740 ரூபாய். என் வீட்டுக்காரர் கொத்தனார். இரண்டு தடவை தூக்க ஆள் வேண்டும் என்று கூட வந்ததில் இரண்டு நாள் கூலி போயிற்று. பிசியோ விட்டுப்போனது நாலு நாள். நாலு நாள் விட்டால் கணுக்கால் மறுபடி இறுகிவிடும்.

என் பள்ளிக்கூடச் சம்பளத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. சமூகப் பாதுகாப்பைப் பற்றிய 24-ஆம் பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தருவதையும் சொல்கிறது. இதுபோன்ற திட்டங்களில் மற்றவர்களுக்குத் தருவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை முதலில் படித்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது. நான் வீட்டில் செய்வதை யாரோ வேலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கும் நாத்தனார் பேசினார். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு இப்படி ஒரு கால் பிரான்சில் இருக்கும். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு அம்மாவுக்கு ஆட்டிசம் உள்ள மகன். அங்கும் காகிதம்தான், அங்கும் சதவீதம்தான், அங்கும் 80 என்ற கோடு இருக்கிறது என்றார். ஆனால் 50-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கும் குழந்தைகளுக்கும் வழி உண்டாம். 20 வயதுவரை பெற்றோருக்கு உதவித்தொகை உண்டாம்.

அடுத்து ஒன்று சொன்னார். கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அங்கே மனு கொடுத்து நாலு மாதம் பதிலே வராவிட்டால், மறுத்துவிட்டதாகவே அர்த்தமாம். அன்றிலிருந்து மேல்முறையீடு செய்யலாமாம்.

நான் இத்தனை நாளாக எதற்குக் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. பணத்துக்காக மட்டும் இல்லை. இங்கே மருத்துவச் சான்றை மறுத்தால் எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு மேல்முறையீடும் உண்டு. ஆனால் என் உதவித்தொகை மனுவுக்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. இல்லை என்று எழுதித் தந்தால் ஏன் என்று கேட்கலாம், விட்டுப்போன காகிதத்தைக் கொடுக்கலாம், மேலே போகலாம். ஒன்றுமே சொல்லாதவர்களிடம் எதைக் காட்டி வழக்காடுவது? மறுநாளும் பேருந்து ஏறத்தான் முடியும்.

ஜனவரி 18, சனி

தை ஐந்து. ஆற்றுத் திருவிழா. ஊரெல்லாம் ஓடிய அந்தத் தென்பெண்ணை இன்று முழங்காலளவு தண்ணீராக அடங்கிக் கிடக்கிறது. மணலில் சாமிகள் வந்து இறங்கின. சிறுவள்ளிக் கிழங்கு வாங்காமல் யாரும் திரும்புவதில்லை.

கரையில் துணி விரித்துத் தம்பியை உட்கார வைத்தேன். வேகவைத்த கிழங்கில் ஒரு துண்டை மசித்து வாய்க்குக் கொண்டுபோனேன். அவன் கை மெதுவாக எழுந்தது. நடுங்கியது. என் மணிக்கட்டில் வந்து பட்டது. தள்ளினான்.

தற்செயலோ என்று நினைத்து மறுபடி கொண்டுபோனேன். மறுபடி தள்ளினான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நான் கிழங்கைக் கீழே வைத்துவிட்டேன். அவன் கண் விரிந்தது. பிறகு பனங்கற்கண்டுப் பாலை எடுத்துக் காட்டினேன். என் உள்ளங்கையைத் தொட்டான்.

அத்தை அழுதுவிட்டார். என் வீட்டுக்காரர் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது என் மகன் எனக்கு ஒரு பதில் சொல்ல. அவனுக்கு அந்தக் கையைத் தூக்குவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 27, திங்கள்

தகவல் உரிமைச் சட்ட மனு எழுதினேன். 2005-ஆம் ஆண்டின் சட்டம், 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 10 ரூபாய் கட்டணமும் இல்லை, அதனால் சிவப்பு அட்டையின் நகலை இணைத்தேன். மூன்று கேள்விகள். என் மனு இன்று யார் மேசையில் இருக்கிறது? அதன்மேல் எந்தத் தேதியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது? இதுபோன்ற மனுக்களில் எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது?

யார்மீதும் கோபத்தில் எழுதவில்லை. மனுவை வாங்கியவர் தம்பிக்கு ஒருநாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர். அவர் மேசையிலும் காகிதம் மலையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மலைக்குள் ஒவ்வொரு தாளுக்கும் அடியில் ஒரு பிள்ளை இருக்கிறது. வில்லியனூரில், நெட்டப்பாக்கத்தில், மண்ணாடிப்பட்டில், எங்கள் ஊரில். அந்தப் பிள்ளைகளைத் தூக்கி அலையும் இடுப்புகள் பெரும்பாலும் அம்மாக்களுடையவை. ஆமாம் என்று முடிந்தால் சொல்லுங்கள். இல்லை என்றாலும் எழுதிச் சொல்லுங்கள். ஒரு தேதியும் ஒரு காரணமும் கொடுத்தால் போதும், மீதியை நாங்கள் நடந்து பார்த்துக்கொள்வோம்.

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதை மாவு டப்பாவில் வைத்தேன். நாள்காட்டியில் பிப்ரவரி 26-ஐ வட்டமிட்டேன். பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசஞ்சோறு பிசைந்து தம்பி முன்னால் உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டிக் காத்திருந்தேன். அவன் பார்த்தான். அவசரப்படுத்தவில்லை. அவன் கை எழும்பத் தொடங்கியது.