அத்தானுக்குக் கேட்ட சத்தம்

2006 பங்குனியில் ஒரு நாள், தூத்துக்குடிக் கடலில் எட்டுப் பாகம் ஆழத்தில் சங்கு குளித்துக்கொண்டிருந்த என் அக்கா வீட்டுக்காரருக்கு மேலிருந்து போன காற்று நின்றுபோனது. வள்ளத்தின் இன்ஜின் டிரைவர் நான். ஆயில் பம்ப் பழுதாகிவிட்டது என்று அன்றைக்குக் கரையில் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். பம்ப் நன்றாகத்தான் இருந்தது. பம்ப் இறைத்த ஆயில்தான் ஆயிலாக இல்லை. அதை மாற்றக் கொடுத்த பணம் என் சட்டைப்பைக்குப் போயிருந்தது.

திரேஸ்புரத்துக் குளியாட்கள் வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். வள்ளத்தில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை ஒரு டேங்கில் அடைக்கும், டேங்கிலிருந்து நீளமான குழாய் கீழே போகும். எங்கள் வள்ளத்தில் கம்ப்ரசருக்கென்று தனி இன்ஜின் கிடையாது. வள்ளத்தை ஓட்டுகிற ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினிலிருந்தே பெல்ட் போட்டிருந்தோம். கடலடிப் பாறைத்திட்டான பாரில் நங்கூரம் போட்டு, கியரை விடுவித்து, இன்ஜினை நிதானமாக ஓடவிட்டால் அத்தான் கீழே மூச்சு விடுவார். இன்ஜின் நின்றால், டேங்கில் எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான்.

முத்துக்குளித்த காலத்தில் கயிறு பிடிக்க மனைவியின் தம்பியைத்தான் மேலே நிறுத்துவார்கள் என்று எங்கள் கடற்கரையில் பெரியவர்கள் சொல்வார்கள். அக்காள் தாலியை அறுக்க எந்தத் தம்பியும் கயிற்றை விடமாட்டான் என்பது அந்தக் கணக்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. நான் அதற்கு வெகுகாலம் பின்னால் பிறந்தவன். ஆனாலும் அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் அப்படியே இருந்தது. நான் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் முடித்துவிட்டு வந்ததும் அத்தான்தான் முதலாளியிடம் பேசி என்னை அந்த வள்ளத்தில் ஏற்றிவிட்டார். ‘இனி என் மூச்சு மாப்ள கையில’ என்று அக்காவிடம் சொன்னாராம். அக்கா அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

அந்த இன்ஜினுக்கு ஆறரை லிட்டர் ஆயில். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்லி அதோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. பாருக்குப் போக, வர, குளிக்க என்று எங்களுக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓடும். 28 நாளில் கணக்கு முடிந்துவிடும். முதலாளி கண்டிப்பானவர்தான், ஆனால் ஆயில் விஷயத்தில் கை இழுக்கமாட்டார். மாதம் பிறந்ததும் கூப்பிட்டு 1,000 ரூபாய் தருவார். நான் மாற்றிவிட்டு நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும்.

அந்த வருஷம் பைக் வாங்கியிருந்தேன். தை மாதம் தவணை இடித்தது. ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் டீசல் இன்ஜினில் ஆயில் ஊற்றிய இரண்டாம் நாளே கறுத்துவிடும், புகைக்கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று, கறுப்பு என்பதற்காக அது கெட்டதென்று அர்த்தமில்லை என்று ஐடிஐயில் படித்ததை எனக்கு வசதியாக ஞாபகப்படுத்திக்கொண்டேன். குறைந்திருந்த அளவை ஈடுகட்ட மட்டும், பழைய ஆயிலைச் சுத்திகரித்து விற்கிற லூஸ் ஆயில் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றினேன். நோட்டில் ‘ஆயில் மாற்றியாச்சு, ஆறரை லிட்டர், ஃபில்டர் 1’ என்று எழுதினேன். மாசியிலும் அதையே செய்தேன். பங்குனி முதல் வாரத்தில் மூன்றாம் தடவை எழுதும்போது கை நடுங்கவில்லை. அதைத்தான் இன்றைக்கு நினைத்தால் தாங்க முடியவில்லை.

சத்தம் முதலில் எனக்குக் கேட்கவில்லை. இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவனுக்குக் காது மரத்துவிடும். கேட்டது அத்தானுக்கு. தண்ணீருக்குள் சத்தம் காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும். வள்ளத்தின் அடிப்பலகை அதற்குத் தம்பட்டம் மாதிரி. ஒரு மத்தியானம் சங்குப் பையோடு ஏறி வந்தவர், கண்ணாடியைக் கழற்றும் முன்னே சொன்னார்: “மாப்ள, இஞ்சின் நெஞ்சுல அடிக்கிற மாதிரி கேக்குது. டொக்கு டொக்குன்னு. முன்ன இப்படி இல்ல. என்னன்னு பாருடே.”

பார்த்தேன். திருப்புளியின் நுனியை பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். அடியிலிருந்து கனமான, மந்தமான அடி. ரேஸை ஏற்றி இறக்கினால் கூடுகிறது. வால்வு டேப்பெட் இளகினால் வருவது மேலேயிருந்து மெல்லிய டிக்டிக். இது அது இல்லை. கனெக்டிங் ராட்டின் அடிமுனையில், கிராங்கைப் பிடித்திருக்கிற பேரிங் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தது. ஆயில் கேஜ் காலையில் 3 கிலோ காட்டும், சூடேறியதும் 1-க்கு இறங்கியிருந்தது. எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அன்று மாலையே முதலாளியிடம் போய் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். பிரித்தால் உள்ளே தார் மாதிரி இருக்கும் ஆயிலை எல்லோரும் பார்ப்பார்கள், நோட்டைக் கேட்பார்கள். அதற்குப் பயந்து, சம்ப்பிலிருந்து இரண்டு லிட்டரை வடித்துவிட்டு, லாரிகளின் கியர்பாக்ஸில் ஊற்றுகிற 90 ஆயில் இரண்டு லிட்டரை இன்ஜினில் ஊற்றினேன். பாகு மாதிரி கெட்டியான ஆயில். இடைவெளியை அது மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டது. அடி அமுங்கியது. கேஜ் 2-க்கு மேல் நின்றது.

கேஜ் காட்டுவது அழுத்தத்தை. எவ்வளவு ஆயில் ஓடுகிறது என்பதை அது காட்டாது. கெட்டியான ஆயில் நகரவே சிரமப்படும்போதும் முள் மேலே நிற்கும். அந்தக் கிராங்குக்குள் விரல் நுழையாத ஓட்டைகள் வழியாகத்தான் ஆயில் பேரிங்குக்குப் போக வேண்டும். ஏற்கெனவே ஃபில்டர் அடைத்திருந்த இன்ஜினில், பேரிங்குக்குத் தேவையான ஓட்டத்தை நான் இன்னும் குறைத்துவிட்டு, அதன் வாயையும் பொத்தியிருந்தேன்.

மறுநாள் முதல் குளி முடிந்து ஏறிய அத்தான் சிரித்தார். “இன்னைக்கு சத்தமே இல்ல மாப்ள. நல்லா பாத்துட்ட.”

இதை எழுதும்போதும் அந்தச் சொல்தான் முதலில் வருகிறது.

நான்காம் நாள், பதினொரு மணி இருக்கும். கடல் தெளிந்து கிடந்தது. இன்ஜின் ஒருமுறை கனைத்தது, ரேஸ் தானாக இறங்கியது, சூட்டு வாடை வந்தது, பிறகு ஒரு கிறீச்சலோடு நின்றது. கைப்பிடி போட்டுச் சுற்றினேன். அசையவில்லை. இறுகிப்போயிருந்தது. கம்ப்ரசர் நின்ற பிறகு வள்ளத்தில் விழுந்த அமைதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. டேங்கின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே குழாயை மூன்று தரம் இழுத்தேன். மேலே வா என்று அர்த்தம்.

அத்தான் அனுபவசாலி. மூச்சை விட்டுக்கொண்டேதான் ஏறினார், அதனால் நுரையீரல் தப்பியது. ஆனால் காலையிலிருந்து நான்கு மணி நேரமாக அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர். அப்படிச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் மூட்டுகளிலும் கரைந்து தங்கும். பையப்பைய ஏறினால் அது மூச்சோடு வெளியேறும். விரட்டி ஏறினால், கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் பொங்குகிற மாதிரி உள்ளேயே குமிழியாகும். காற்று தீர்ந்துகொண்டிருந்த மனிதருக்கு நிதானமாக ஏற ஏது நேரம்? வள்ளத்தில் ஏறி அரை மணி நேரத்தில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு பலகையில் சுருண்டார். வேறொரு வள்ளம் எங்களை இழுத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தவர் அக்காவிடம் சொன்னது: “மாப்ளதான் கொழாயை இழுத்துக் கூப்பிட்டான். இல்லாட்டி போயிருப்பேன்.”

ஊரும் அப்படியே பேசியது. நான் மறுக்கவில்லை.

இன்ஜினைப் பிரித்தவர் ஒரு வயதான மேஸ்திரி. சம்ப்பைக் கழற்றியதும் ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்தார். விரலில் களிம்பு மாதிரி கறுப்பு ஒட்டி நின்றது, வடியவில்லை. முகர்ந்தார். கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக நெடி உண்டு, தெரிந்தவர்களுக்கு அது போதும். பிறகு பேரிங் ஷெல்லின் இரண்டு பாதிகளையும் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். புதிதில் அது மங்கிய வெள்ளி நிறமாக, பட்டு மாதிரி இருக்கும். மேலே மெல்லிசாக மிருதுவான வெள்ளை உலோகப் பூச்சு, அதற்கடியில் செம்பு கலந்த உலோகம், அதற்கும் அடியில் இரும்புத் தகடு. என் கையிலிருந்ததில் வெள்ளைப் பூச்சே இல்லை. செம்பு சிவந்து தெரிந்தது, நடுவில் அதுவும் போய் இரும்பு நீலம் பாரித்திருந்தது. ஷெல் தன் இடத்தைவிட்டுச் சுற்றி, ஆயில் வருகிற துளையைத் தானே மூடியிருந்தது. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “பேரிங் போச்சு மொதலாளி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இரண்டு பாதிகளும் இன்னும் என் பட்டறை மேசையில் இருக்கின்றன.

பல வருஷம் கழித்து, இங்கிலாந்தில் பூசாம்ப் டவர் என்பவர் 1883-இல் செய்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். ரயில் பெட்டியின் அச்சு சுற்றுகிற பேரிங்கில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டால், எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வந்தது. மரத்தக்கை வைத்து அடைத்தார். தக்கையைத் தள்ளிவிட்டது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தபோது, பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமையைப்போல இரண்டு மடங்கையும் தாண்டி முள் ஓடியது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். சுற்றுகிற அச்சு தானே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துக்கொள்கிறது, அந்த எண்ணெய் அச்சைத் தூக்கிப் பிடிக்கிறது. நன்றாக ஓடுகிற பேரிங்கில் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய ஒரு படலத்தின் மேல் முழு இன்ஜினும் மிதக்கிறது. ஆயிலை வெறும் வழுவழுப்பு என்று நினைத்து அத்தனை காலம் வேலை பார்த்திருக்கிறேன். நான் திருடியது அந்தப் படலத்தை. கீழே இருந்தவரின் மூச்சும் அதன் மேல்தான் மிதந்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வடித்த பழைய ஆயிலை அந்தக் காலத்தில் கடலில்தான் ஊற்றுவேன், வள்ளம் கட்டுகிற இடத்திலேயே. நிறம் நிறமாகப் பரவும், அலை கொண்டுபோய்விடும், மறந்துவிடுவேன். முத்துச்சிப்பி பாறையைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் கடல்நீரை வடிகட்டியே உயிர் வாழ்கிற பிராணி. எளிதில் நகர்ந்து போக அதற்கு வழியில்லை. அதைத் தெரிந்த ஊரில் பிறந்தவன் நான். இப்போது பழைய ஆயில் முழுவதையும் டிரம்மில் சேர்த்து, அதற்கென்று வாங்குகிறவர்களுக்கே கொடுக்கிறேன். ஊற்றியதைத் திருப்பி எடுக்க முடியாது.

நான் அதன்பின் கடலுக்குப் போகவில்லை. பட்டறை வைத்தேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையேறும், எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தடை முடிந்து கடலுக்குப் போகுமுன் ஆயில் மாற்றினால் போதும் என்று பல ஓனர்கள் நினைக்கிறார்கள். படகு கட்டும் அன்றைக்கே மாற்றுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறேன். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். உப்புக்காற்றில் அது இரண்டு மாதம் பேரிங்கின் மேல் உட்கார்ந்திருந்தால், ஓடாமலேயே அரித்துவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடித்தால்தான் கசடும் சேர்ந்து இறங்கும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் நுழைந்திருக்கிறது. சந்தேகமிருந்தால் சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுவேன், தண்ணீர் இருந்தால் கடுகு மாதிரிப் பொரியும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேஜ் முள் ஏறும்வரை ரேஸ் கொடுக்க விடமாட்டேன். ஒரு பையன் போன வருஷம் வந்து, “அண்ணாச்சி, சத்தம் குறைய கொஞ்சம் கெட்டி ஆயில் ஊத்தட்டுமா?” என்று கேட்டான். அவன் கையில் அந்த ஷெல்லை வைத்தேன். எங்கிருந்து வந்தது என்று அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அத்தான் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. வாடைக் காற்று தொடங்கினால் அந்தத் தோள் இன்னும் வலிக்கும். வலிக்கும்போது என்னைத்தான் தைலம் தேய்க்கக் கூப்பிடுவார்.

முதலாளி இறந்து சில வருஷம் ஆகிறது. போன மாதம் அவர் மகன் வீட்டுக்குப் போய் 3,000 ரூபாயை மேசையில் வைத்தேன். எதற்கு என்று கேட்டார். கொண்டுபோயிருந்த அந்தப் பழைய நோட்டைத் திறந்து மூன்று வரிகளையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இஞ்சின் போனது இதாலயா?” என்றார். ஆமாம் என்றேன். பணத்தை எடுத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றம். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரச் சொல்லி அக்கா கூப்பிட்டிருக்கிறாள். நோட்டையும் ஷெல்லையும் ஒரு பையில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.