எலுமிச்சை, சிட்ரேட், பழுதான சிறுநீரகம்

எலுமிச்சை ஜூஸ் குடித்தால் கிட்னிக்கு நல்லது என்று சொல்லாத ஆள் உண்டா? அம்பத்தூர் ஓ.டி.யில் ஜூஸ் வண்டிப் பக்கம் நின்றாலே காதில் விழும். பாதி உண்மைதான். எலுமிச்சைச் சாற்றில் ஏறக்குறைய 5 முதல் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரில் சிட்ரேட் இருந்தால் அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கல் சேருவது குறையும். ஆனால் கல் வேறு, சிறுநீரகம் நாள்பட்டுப் பழுதாவது வேறு. (இரண்டுக்கும் இங்கே 'கிட்னி பிராப்ளம்' என்று ஒரே பெயர்!)

பட்டரவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்கு சர்க்கரை நோயால் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் இரண்டு டயாலிசிஸ். "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு இதுலதான் கல்லு கரைஞ்சது" என்று பக்கத்து வீட்டு அம்மா ஒரு சிரப் பாட்டிலைக் கொடுத்தார். நல்ல மனசு. ஆனால் அது பொட்டாசியம் சிட்ரேட். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது, அளவு ஏறினால் இதயத் துடிப்பே நிற்கலாம். டயாலிசிஸ் டெக்னீஷியன் பாட்டிலைப் பார்த்துத் தடுத்துவிட்டார்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. அலுமினியம் கலந்த அல்சர் மருந்தோடு சிட்ரேட்டும் சேர்ந்தால் குடல் அலுமினியத்தை அதிகமாக உறிஞ்சும். சிறுநீரக நோயாளிகளுக்கு மூளை பாதித்து இறப்பு வரை போனதை 1980களிலேயே மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

சரி, சிட்ரேட் எதிரியா? அதுவும் இல்லை.

இந்த நோயில் எதிர்ப்புச் சக்தி விநோதமாக நடந்துகொள்கிறது. ரத்தத்தில் தேங்கும் கழிவும் அமிலமும் உடம்புக்குள் ஓயாத அழற்சியைக் கிளப்புகின்றன. ரத்தக் குழாய்கள் கெட்டு, கடைசியில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் இதயம்தான். ஆனால் நிஜக் கிருமி வந்தால் அதே படை சோர்ந்து நிற்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இரட்டை டோஸில் போடுவது இதனால்தான். வீட்டுக்காரரைப் பார்த்துக் குரைத்து, திருடனைப் பார்த்தால் படுத்துக்கொள்ளும் நாய் மாதிரி!

இந்தப் படையின் செல்களுக்குள்ளும் சிட்ரேட் இருக்கிறது. 1937-ல் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டுபிடித்த சக்திச் சுழற்சிக்குப் பெயரே சிட்ரிக் அமிலச் சுழற்சி. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல் கிளர்ந்தெழும்போது, சிட்ரேட்டை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே அனுப்பி அழற்சிக்கான பொருட்களைத் தயாரிக்கிறது. அதே சிட்ரேட்டின் இன்னொரு பங்கிலிருந்து இட்டகோனேட் என்ற பொருளும் உண்டாகிறது. அது அழற்சியை அடக்கும்! வரவும் செலவும் ஒரே கணக்கில். ஆகவே 'சிட்ரேட் அழற்சியைக் குறைக்கும்' என்று ஒற்றை வரியில் சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

டயாலிசிஸ் இயந்திரத்தில் விஷயம் இன்னும் தெளிவு. ரத்தம் செயற்கைச் சவ்வைத் தொட்டவுடன் காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரதங்கள் விழித்துக்கொள்ளும், வெள்ளணுக்கள் கிளரும். வாரா வாரம் இதே கதை. ரத்தம் உறைவதற்கும் காம்ப்ளிமென்டின் சில வழிகளுக்கும் கால்சியம் தேவை. சிட்ரேட் அந்தக் கால்சியத்தைக் கட்டிப் போடுகிறது. ரத்த வங்கிப் பைகளில் ரத்தம் உறையாமல் இருப்பதும் இதே வித்தையால்தான். 1914-லேயே இதைக் கண்டுகொண்டார்கள். டயாலிசிஸ் திரவத்தில் அசிடேட்டுக்குப் பதில் சிட்ரேட் சேர்த்த சில சிறிய ஆய்வுகளில் அழற்சி அடையாளங்கள் குறைந்தன. நோயாளி அதனால் கூடுதல் காலம் வாழ்கிறார் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

செலவும் பார்க்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், 1993-ல் சென்னையில் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை போன்றவையும் இருப்பதால்தான் பல குடும்பங்கள் டயாலிசிஸைத் தாங்குகின்றன. உறையாமல் இருக்க வழக்கமாகக் கொடுப்பது ஹெப்பாரின். சிட்ரேட்டை நேரடியாக டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ரத்தம் போகும் குழாயில் செலுத்தும் முறைக்கு அடிக்கடி கால்சியம் அளவு பார்க்க வேண்டும், ஆளும் வேண்டும், காசும் வேண்டும்.

அமிலத்தைக் குறைக்க எலுமிச்சையும் உதவாது. அதிலுள்ளது பெரும்பாலும் அமிலமாகவே எரிந்து தீர்ந்துவிடும். உப்பு வடிவ சிட்ரேட்தான் ஈரலில் பைகார்பனேட்டாக மாறும். அந்த வேலையை நேரடியாகச் செய்யும் சோடியம் பைகார்பனேட் மாத்திரை மலிவு விலையில் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. 2009-ல் லண்டனில் 134 பேரிடம் நடந்த ஆய்வில் அது நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தியது. அதிலும் சோடியம் உண்டு. பிரஷரும் வீக்கமும் உள்ளவருக்கு எத்தனை மாத்திரை என்பதை, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும்.