தங்கம் போனது, பாம்பு இருக்கிறது

3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் தங்கம் தோண்டிய ஊர் கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. மிஞ்சியவை சயனைடு மேடுகள், புதர் மண்டிய கட்டடங்கள், வட ஆற்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் வாரிசுகள் வாழும் லைன் வீடுகள்.

குப்பையும் புதரும் சேர்ந்த இடத்தில் எலி பெருகும். எலியைத் தேடிப் பாம்பு வரும். கண்டதும் கை தடியைத் தேடுகிறது. பயத்தில் நியாயம் உண்டு: 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குச் சுமார் 12 லட்சம் பேர் பலியானதாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிடுகிறது.

ஆனால் அடிக்க நெருங்குபவர்தான் கடிபடும் தூரத்துக்குப் போகிறார். விலகி நின்றால் பெரும்பாலும் பாம்பே நழுவிவிடும். அவசரத்தில் விஷமில்லாத சாரையும் சாகிறது. நல்லபாம்பையோ சாரையையோ கொல்வது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

உயிர் காக்கும் மருந்து வருவதும் பாம்பின் விஷத்திலிருந்துதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் உருவான இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் விஷத்தை எடுத்தபின் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

தங்கவயலுக்கும் வழி அதுதான்: இரவில் கையில் டார்ச், வாசலில் சுத்தம், கடிபட்டால் நேரே ஆஸ்பத்திரி. எலியை விட்டுவிட்டுப் பாம்பை மட்டும் அடித்தால், அடுத்த பாம்பு வரும்.