பெயரில் எஞ்சிய ஊர்

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் உள்ளது கோலார் தங்கவயல். பொன்னுக்காகத் தோண்டிய ஆழம் அங்கே இயற்பியலுக்கும் உதவிற்று. மேலிருந்து பொழியும் அண்டக்கதிர்களைப் பாறை தடுத்துவிட, அரிய துகள்களின் தடம் மட்டும் கீழே தெரியும். 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர், ஜப்பானிய, பிரித்தானிய அறிஞர்களோடு இணைந்து, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தனர்.

பின்னர் விளங்காத சில தடங்களும் பதிந்தன. பாறையில் அன்றி, பாறைக்கும் கருவிக்கும் இடைப்பட்ட காற்றில் அவை கிளைத்திருந்தன. புதிய துகளொன்று சிதைந்திருக்கலாம் என்றது 1975இன் கட்டுரை. துகளுக்குப் பெயரிடச் சான்று போதவில்லை. எனவே ‘கோலார் நிகழ்வுகள்’ என்றே வழங்கலாயிற்று. ‘நிகழ்வு’ என்பது கண்டதைச் சொல்லிக் காரணத்தைச் சொல்லாத, நேர்மையான சொல்.

முடுக்கிகளில் தேடியும் அத்துகள் அகப்படவில்லை. 2014இல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும், புரோட்டானைப்போல் 5 முதல் 10 மடங்கு நிறையுள்ள இலேசான கரும்பொருளின் சிதைவாக அது இருக்கலாம் என்றனர்.

அதே ஆழத்தில் மீண்டும் தேடலாமெனில், 2001இல் மூடப்பட்ட சுரங்கத்தில் நீர் நிறைந்துவிட்டது. கேள்வியோடு ஊரின் பெயர் எஞ்சியிருக்கிறது. அந்த ஆழத்தைத் தோண்டிய தமிழ்த் தொழிலாளரின் பெயர்கள் எந்தக் கட்டுரைத் தலைப்பிலும் இல்லை.